பாஸ் கோர்ஸ் பழிவாங்கிய கதை

எழுபதுகளில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தவர்களில் இரண்டே ஜாதி. ஆனர்ஸ், பாஸ். ஆனர்ஸ்காரன் ஒரே பாடத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷமும் அதிலேயே கிடப்பான். பாஸ் கோர்ஸ்காரன் ஆங்கிலம், ஹிந்தி, சரித்திரம், அரசியல் என்று நாலு வாசல் ஏறி இறங்குவான். முன்னவன் அறிஞன், பின்னவன் வேறெங்கும் இடம் கிடைக்காதவன். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் யாரும் மீறியதில்லை. கல்யாண விளம்பரங்கள்கூட அதற்குக் கட்டுப்பட்டன. மாப்பிள்ளை பி.ஏ. பாஸ் என்றால் மொட்டையாக 'கிராஜுவேட்' என்று போட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனர்ஸ் என்றால், பத்திரிகைக்காரர்கள் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினாலும் சரி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் விடவே மாட்டார்கள்.

நான் உயர்ந்த ஜாதி. எகனாமிக்ஸ் ஆனர்ஸ். 1972இல் சேர்ந்தேன். தில்லியில் அப்போது ஹயர் செகண்டரி என்பது பதினோரு வகுப்பு. மீசை முளைப்பதற்குள் மந்திர் மார்க் 'மதராஸி ஸ்கூலை' விட்டுக் கல்லூரிக்குள் நுழைந்துவிடுவோம். அட்மிஷன் என்றால் கல்லூரி கல்லூரியாக அலைந்து ஃபார்ம் வாங்கி, கையால் நிரப்பி, ஜூலை வெயிலில் நோட்டீஸ் போர்டு முன்னால் முண்டியடித்து, டைப் அடித்து ஒட்டியிருக்கும் பட்டியலில் விரலை ஓட்டித் தன் பெயரைத் தேடுவது. பள்ளியில் எனக்கு அறுபதுக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அது மைசூர்பாகு கிளறிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிற மார்க்.

கும்பகோணத்தில் இருந்த பெரியப்பாவுக்கு அப்பா கார்டு போட்டார். பெரியப்பா பழைய சென்னைப் பல்கலைக்கழக ஆனர்ஸ், முப்பதுகளில் முடித்தவர். அங்கே அந்தக் காலத்தில் இன்டர்மீடியட் முடித்தவர்களுக்குச் சாதா பி.ஏ. இரண்டு வருஷம், ஆனர்ஸ் மூன்று வருஷம். ஆனர்ஸ் தேறியவர் சில காலம் கழித்துக் கட்டணத்தைக் கட்டினால் எம்.ஏ. பட்டம் கையில் கிடைக்கும். மறுபடி பரீட்சை கிடையாது. பின்னாளில் நோபல் வாங்கிய சந்திரசேகர் 1930இல் மாநிலக் கல்லூரியில் முடித்தது பௌதிக ஆனர்ஸ். அண்ணாதுரை பச்சையப்பன் கல்லூரியில் படித்தது பொருளாதார ஆனர்ஸ். இந்த இரண்டு பெயரையும் சொல்லாமல் பெரியப்பா சாப்பிட உட்காரமாட்டார். அவர் பதில் கார்டில் வாழ்த்து ஒரு வரி. மீதியெல்லாம் ஒரே கேள்வி: 'அங்கே எம்.ஏ.வுக்கு எவ்வளவு கட்டவேண்டும்?' தில்லியில் அந்த வழக்கமே இல்லை, எம்.ஏ. வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கவேண்டும் என்று அப்பா எழுதினார். 'அப்படியானால் அது என்ன ஆனர்ஸ்?' என்று அடுத்த கார்டு வந்தது. அதற்குள் சென்னையே ஆனர்ஸை மூட்டை கட்டிவிட்டிருந்தது என்பதை அப்பா எழுதவில்லை. அண்ணனாயிற்றே.

தில்லிக்கு அந்த மூன்று வருஷம் வந்தது மாரிஸ் க்வையர் புண்ணியத்தில். ஃபெடரல் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி. 1938 முதல் 1950 வரை இங்கே துணைவேந்தர். இன்டர்மீடியட்டை ஒழித்து, அதில் ஒரு வருஷத்தைப் பள்ளிக்கும் ஒரு வருஷத்தைக் கல்லூரிக்கும் பிரித்துக் கொடுத்து, 1943இல் மூன்று வருஷப் பட்டத்தைக் கொண்டுவந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் போட்ட அந்த மூன்று வருஷக் கணக்கு எழுபது வருஷம் அசையவில்லை. அதற்கப்புறம் அசைந்த அசைவில் பழைய கணக்கையெல்லாம் வட்டியோடு தீர்த்துவிட்டார்கள். அதற்கு வருகிறேன்.

எங்கள் ஆனர்ஸில் என்ன இருந்தது? உண்மையைச் சொன்னால், லெக்சரில் ஒன்றும் இல்லை. சில ஆசிரியர்கள் பழுப்பேறிய நோட்டிலிருந்து வாசிப்பார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம், அந்த நோட்டு அடுத்த வருஷம் ஜூனியருக்குப் போகும். சாமுவேல்சன் புத்தகத்தின் மலிவுப் பதிப்பு வகுப்புக்கு நாலைந்து பேரிடம் இருந்தது. பொருளாதாரம் என்றால் டி ஸ்கூல், அதாவது வி.கே.ஆர்.வி. ராவ் 1949இல் தொடங்கிய டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். அங்கே அமர்த்தியா சென் பாடம் நடத்துகிறார், மன்மோகன் சிங் நடத்துகிறார் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நான் சேர்வதற்கு முந்தைய வருஷமே சென் லண்டனுக்கும், சிங் அரசாங்க வேலைக்கும் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது டி ஸ்கூல் கான்டீன் டீ.

ஆனால் ட்யூட்டோரியல் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, ஏழெட்டுப் பேர், ஆசிரியரின் சின்ன அறை. ஒரு கேள்விக்குக் கட்டுரை எழுதிக்கொண்டு போகவேண்டும். நாற்காலி போதாமல் இரண்டு பேர் ஜன்னல் திண்டில் உட்காருவார்கள். எங்கள் ஆசிரியர் ஒரு வங்காளி. சார்மினார் புகைத்துக்கொண்டே படிப்பார். சாம்பல் பாதி கட்டுரை மேல் விழும். மால்தஸ் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையை இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தி, சிவப்புப் பென்சிலால் ஒரு பத்தியைச் சுற்றி வட்டம் போட்டுக் கேட்டார்: "இது நீ எழுதினதா, சாமுவேல்சன் எழுதினதா?" சாமுவேல்சன் என்றேன். "அப்ப அவருக்கே மார்க் போட்டுடறேன்" என்று மார்ஜினில் சாமுவேல்சன் பெயரை எழுதி ஏழு போட்டார். என் பெயருக்கு நேரே இரண்டு. பிறகு மற்ற ஆறு பேரிடம் திரும்பி, மால்தஸ் தஞ்சாவூரில் பிறந்திருந்தால் இதையே எழுதியிருப்பாரா என்று கேட்டு ஒரு மணி நேரம் சண்டை மூட்டிவிட்டார். பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். மற்றதெல்லாம் யு-ஸ்பெஷல் பஸ் ஃபுட்போர்டில் கற்றது.

பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவை. செமஸ்டர் என்ற வார்த்தையை ஐ.ஐ.டி.க்காரர்கள்தான் சொல்வார்கள். ஏப்ரலில் புழுதிக்காற்று அடிக்கையில், மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்வி. ஒரு வருஷத் தலையெழுத்து அதோடு முடிந்தது. மார்க் போடுகிறவர்கள் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுப்பார்கள். ஆர்ட்ஸ் பாடத்தில் அறுபது வாங்கி ஃபர்ஸ்ட் டிவிஷன் தட்டியவனைக் கான்டீனில் மற்ற கல்லூரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் ஐம்பத்துநாலு. நல்ல செகண்ட் டிவிஷன். அதை வைத்துக்கொண்டு இருபது வருஷம் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன். பெரியப்பா மட்டும் கடைசி வரை, "ஐம்பத்துநாலா? நூற்றுக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் மாடியில் ஒரு பையன் இருந்தான். பள்ளியில் என் பெஞ்சு. கணக்கில் கோட்டை விட்டு ஐம்பதுக்குக் கீழே போனதால் பாஸ் கோர்ஸில் விழுந்தான். அப்படித்தான் சொல்வோம், விழுந்தான் என்று. அவன் அம்மா குழாயடியில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் டிமாண்ட் கர்வ் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் முகலாயர்களையும், பிரேம்சந்தையும், இந்திய அரசியல் சட்டத்தையும் படித்துக்கொண்டிருந்தான். ட்யூட்டோரியல் கட்டுரை எழுதும் கவலை இல்லாததால் சாயங்காலம் முழுக்கப் பத்திரிகை படிப்பான். பாங்கு ஆபீசர் பரீட்சை வந்தது. பொது அறிவுத் தாளில் டிமாண்ட் கர்வ் கேட்கவில்லை, அரசியல் சட்டம் கேட்டார்கள். அவன் ஜெனரல் மேனேஜராக ரிட்டயரானான். நான் யோஜனா பவனில் திட்டக் கமிஷனில் சேர்ந்தேன். ரிட்டயராவதற்குச் சற்று முன்னால், 2015 பிறந்தபோது, அந்தக் கமிஷனையே மூடி வேறு போர்டு மாட்டிவிட்டார்கள். பொருளாதார ஆனர்ஸ்காரன் ஒருவனுக்குப் பொருளாதாரம் இதைவிடத் தெளிவாகப் பாடம் நடத்தமுடியாது.

இப்போது அந்த அசைவுக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பாஸ் கோர்ஸ் என்ற பெயரைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று 'பி.ஏ. புரோகிராம்' ஆக்கினார்கள். 2011இல் ஆர்ட்ஸுக்கும் செமஸ்டர் வந்தது. அதே வருஷம் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பள்ளியில் காமர்ஸ் படிக்காதவர்கள் பி.காம். ஆனர்ஸில் சேர நூற்றுக்கு நூறு கேட்டு நாடு முழுக்கச் செய்தியானது. பெரியப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 2013இல் பல்கலைக்கழகம் திடீரென்று நாலு வருஷப் பட்டம் என்றது. எல்லோருக்கும் பொதுவாகப் பதினோரு அஸ்திவாரப் பாடங்கள். அவற்றில் ஒன்று மனம், உடல், இதயம் மூன்றையும் ஒருங்கிணைப்பது பற்றி. பாதியில் போகிறவர்களுக்கு ரெண்டு வருஷத்தில் ஒன்று, மூன்று வருஷத்தில் ஒன்று என்று கையில் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள்; நாலையும் முடித்தவர்களுக்கே ஆனர்ஸ். ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள், மாணவர்கள் வந்தார்கள், ஆட்சி மாறியது, யு.ஜி.சி. ஓலை அனுப்பியது, 2014 ஜூன் கடைசியில் திட்டம் வாபஸ். எங்கள் சொசைட்டியில் அந்த ஒரே பேட்சில் மாட்டிக்கொண்ட பையன் ஒருவன் இருக்கிறான். நாலு வருஷப் படிப்பில் சேர்ந்து மூன்று வருஷப் படிப்பை முடித்தவன். இதயத்தை ஒருங்கிணைத்தாயா என்று கேட்டால் இன்றைக்கும் கோபம் வரும். 2015இல் சாய்ஸ் பேஸ்டு கிரெடிட் என்று இன்னொன்று வந்தது. 2022இல், வாபஸ் போன நாலு வருஷப் பட்டம் புதுக் கல்விக் கொள்கையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை ஓலை அனுப்ப வேண்டிய யு.ஜி.சி.யே முன்னால் நின்று வரவேற்றது.

அந்த முதல் பேட்சில் என் பேத்தி.

அவளுக்கும் எகனாமிக்ஸ் ஆனர்ஸ்தான். பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்றாறு வாங்கினாள். மைசூர்பாகு கிளறலாமா என்று அவள் பாட்டி கேட்டதற்கு, "அதை யாரும் பார்க்கமாட்டாங்க பாட்டி, சி.யு.இ.டி. வரட்டும்" என்றாள். அந்த நுழைவுத் தேர்வு மார்க் வந்து, நார்மலைஸ் ஆகி, லாப்டாப்பில் கல்லூரியையும் பாடத்தையும் ஜோடி ஜோடியாக நூறுக்கு மேல் வரிசைப்படுத்தி, ஒரு ராத்திரி கம்ப்யூட்டர் சீட் ஒதுக்கியது. நோட்டீஸ் போர்டு இல்லை, வெயில் இல்லை, விரல் ஓட்டல் இல்லை. வகுப்பு தொடங்கியபோது நவம்பர் பிறந்துவிட்டது.

முதல் செமஸ்டரின் பாடப் பட்டியலை என்னிடம் காட்டினாள். இருபத்திரண்டு கிரெடிட். அதில் பொருளாதாரம் பன்னிரண்டு. மீதிப் பத்தில், வேறு துறைப் பாடம் ஒன்றுக்கு நாலு. மொழி அல்லது சுற்றுச்சூழலுக்கு இரண்டு. ஏதாவது ஒரு கைத்திறனுக்கு இரண்டு. பண்பு வளர்ப்புக்கு இரண்டு. இதையெல்லாம் சேர்ப்பதற்கு ஒரு பாங்கே இருக்கிறது, அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் சேர்த்து வைத்தது ஏழு வருஷம் வரை செல்லும். மாடிவீட்டு ஜெனரல் மேனேஜரிடம் சொன்னேன். "வட்டி உண்டா?" என்று கேட்டான். தொழில் புத்தி.

பண்பு வளர்ப்புப் பாடத்தைப் போர்ட்டலில் தேர்ந்தெடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். பட்டியலில் வேதிக் கணிதம் இருந்தது, ஃபிட் இந்தியா இருந்தது, சுவச் பாரத் இருந்தது, 'ஆர்ட் ஆஃப் பீயிங் ஹேப்பி' என்று ஒன்றும் இருந்தது. அவளுக்கு அதன் மேல் ஒரு கண். போர்ட்டல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நின்றபோது சீட் தீர்ந்துவிட்டது.

"தாத்தா, சந்தோஷம் ஃபுல்லாயிடுச்சு."

"என்ன மிச்சம்?"

"சுவச் பாரத்."

அதையே எடுத்தாள். அந்த செமஸ்டரில் அவளுடைய மிக உயர்ந்த கிரேடு அதில்தான். மைக்ரோ எகனாமிக்ஸ் கொஞ்சம் பின்தங்கி வந்தது. எங்களுக்கும் சப்சிடியரி என்று வேறு பாடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தேறினால் போதும் என்று காலால் எட்டி உதைத்துக்கொண்டு போவோம். இங்கே குப்பைத்தொட்டிக்கும் கிரேடு உண்டு, அது மொத்தத்தில் சேரும்.

அவள் பட்டியலை ஒருநாள் மாடிவீட்டுக்காரனிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான். ஒரு பாடம் கொஞ்சம் கூடுதல், வேறு துறையில் கொஞ்சம், ஒரு மொழி, பொதுவாக நாலு விஷயம். "இது நான் படிச்சதுடா" என்றான். "பி.ஏ. பாஸ்!" பன்முகக் கல்வி, பல்துறைக் கல்வி என்று கொள்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை எழுபதுகளிலேயே அவன் பைசா செலவில்லாத அவமானத்தோடு படித்து முடித்துவிட்டான். தன் அம்மா இருந்திருந்தால் குழாயடியில் அன்றைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று பேசியிருப்பாள் என்றும் சொன்னான். என்னால் மறுக்கமுடியவில்லை. ஐம்பது வருஷம் கழித்து அவன் ஜாதி என் ஜாதியின் பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது.

மூன்றாம் வருஷ முடிவில் பேத்தியின் சிநேகிதிகள் பலர் பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், வேலைக்கும் எம்.பி.ஏ.வுக்கும். நாலாவது வருஷம் இருப்பதா போவதா என்று வீட்டில் ஒரு மாதம் மாநாடு நடந்தது. திருச்சியில் என் தங்கை பேரன் மூன்று வருஷத்தில் பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டான், தமிழ்நாட்டில் நாலு வருஷப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "இவ மட்டும் ஏன் இன்னும் பி.ஏ.விலேயே இருக்கா, ஃபெயிலா?" என்று தங்கை ஃபோனில் கேட்டாள். நாலு முடித்தால் எம்.ஏ. ஒரே வருஷம்தான் என்று விளக்கினேன். "அப்போ கூட்டிக் கழிச்சா ஒண்ணுதானே, நடுவுல பேரை மாத்தினா ஆச்சா?" என்றாள். யு.ஜி.சி. இதற்கு இன்னும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை.

பேத்தி நின்றாள். நாலாம் வருஷத்தில் சுவச் பாரத் கிடையாது. ஆராய்ச்சிக் கட்டுரை, செமஸ்டருக்கு ஆறு கிரெடிட். மீதியில் பெரும்பகுதி அவள் பாடம்தான். ஆசாத்பூர் மண்டியில் வெங்காய விலை எப்படி நிர்ணயமாகிறது என்று எடுத்துக்கொண்டாள். விடியற்காலையில் மண்டிக்குப் போய் கமிஷன் தரகர்களான ஆடத்திகளிடம் கணக்குக் கேட்டு, சேறு அப்பிய செருப்போடு வகுப்புக்குப் போனாள். வழிகாட்டிக்கு அவளோடு சேர்த்து ஐந்தாறு பேர். வாரம் ஒரு நாள் சந்திப்பு, மூன்று பேட்சுக்குப் போட்ட கட்டடத்தில் நாலு பேட்ச் நெருக்கியடிப்பதால் காலி அறை எதுவோ அதில். முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள். என்ன ஆயிற்று என்றேன்.

"ரெண்டாம் பக்கத்திலேயே நிறுத்திட்டாங்க தாத்தா. 'இது நீ எழுதினதா, சாட்ஜிபிடி எழுதினதா'ன்னு கேட்டாங்க."

எனக்கு வந்த சிரிப்பில் அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அத்தியாயத்தை மூன்று தடவை திருப்பி எழுதினாள். மூன்றாவதில் ஒரு ஆடத்தியின் கணக்கு நோட்டை வைத்து, பாடப் புத்தகத்தில் இருக்கிற போட்டிச் சந்தை மண்டியில் ஏன் இல்லை என்று அவள் எழுதியிருந்த பக்கத்தை நான் படித்தேன். நான் ஐம்பத்துநாலு வாங்கிய காலத்தில் அப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் மூன்று வருஷத்துக்கு ஆனர்ஸ் என்று பெயர் வைத்தது விளம்பரத்துக்கு. அது நல்ல பாஸ் கோர்ஸ், அந்தப் பெயரிலேயே அதை நடத்தியிருக்கலாம், ஒன்றும் குறைந்திருக்காது. நாலாவது வருஷம்தான் ஆனர்ஸ். அதுவும் ஐந்தாறு பேரை ஒரு அறையில் உட்காரவைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆசிரியருக்கு நேரம் இருக்கிற கல்லூரியில் மட்டும். பிள்ளையையோ பேத்தியையோ உட்காரவைத்துக் கல்லூரி வரிசை போடப்போகிறவர்கள் போன வருஷம் எத்தனை மார்க்கில் மூடினார்கள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே படிக்கிற பிள்ளை யாரையாவது பிடித்து, ட்யூட்டோரியலில் எத்தனை பேர், எழுதியதை யாராவது படிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் வரிசை போடுங்கள்.